கயிற்றைக் கொடுங்கள், கேக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்

"நல்ல தலைமை அமைந்தால் ஊழியர்கள் ஈடுபாட்டோடு வேலை பார்ப்பார்கள்." இந்த ஒரு வரியை ஆளுக்கு இருபது ஸ்லைடாக இழுத்து, இந்த செமஸ்டரில் மட்டும் எங்கள் வகுப்பில் மூன்று குழுக்கள் செமினார் கொடுத்துவிட்டன. மூன்றிலும் ஒரு மலை உச்சி. உச்சியில் கோட்டு சூட்டு போட்ட ஒரு ஆசாமி, கீழிருந்து ஏறி வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் தொலைநோக்கு, உத்வேகம், முன்மாதிரி, பாராட்டு என்று நாலு பக்கமும் அம்புக்குறிகள். கடைசி ஸ்லைடில் நன்றி. கை தட்டினோம், கேன்டீனுக்குப் போனோம்.

யாராலும் மறுக்க முடியாத வரிதான். 'சமையல்காரர் நல்லவராக இருந்தால் சாம்பார் நன்றாக இருக்கும்' என்பதையும்தான் யாரும் மறுக்க முடியாது. அதை வைத்துக்கொண்டு ஒரு சாம்பார் வைத்துக் காட்டுங்கள் பார்ப்போம். நல்ல தலைமை என்றால் என்ன என்று கேட்டால் ஊழியர்களை ஈடுபட வைப்பது என்கிறார்கள். ஊழியர்கள் ஏன் ஈடுபட்டார்கள் என்று கேட்டால் தலைமை நன்றாக இருந்தது என்கிறார்கள். செக்குமாடு சுற்றுவது மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

என் சண்டை வெறும் வார்த்தையோடு அல்ல. இந்தப் பேச்சில் ஊழியர் எப்போதும் ஒரு பூந்தொட்டியாகவே இருக்கிறார். தலைவர் வருவார், உத்வேகம் என்ற தண்ணீரை ஊற்றுவார், செடி பூக்கும். பூக்கவில்லை என்றால்? ஹெச்.ஆர். துறையைக் கூப்பிட்டு ஒரு கேக் வெட்டச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை விளையாட்டு, பொங்கலுக்கு ரங்கோலிப் போட்டி, வருஷத்துக்கு ஒரு முறை ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று ஒரு கணக்கெடுப்பு. இவ்வளவு செய்தும் பலன் என்ன? கேலப் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024-இல் உலகம் முழுவதிலும் ஈடுபாட்டோடு வேலை செய்த ஊழியர்கள் 21 சதவீதம். மேனேஜர்களிடமே அது 30-லிருந்து 27-க்கு இறங்கியிருக்கிறது. அதாவது மலை உச்சியில் நிற்கும் ஆசாமிக்கே மலை பிடிக்கவில்லை :-)

இந்த 'ஈடுபாடு' என்ற கருத்தை மேலாண்மைப் படிப்புக்குள் கொண்டுவந்தவர் வில்லியம் கான். 1990-இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் பார்த்தது ஒரு கோடைக்கால முகாமையும் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தையும். ஒரு மனிதர் வேலையில் தன்னை முழுதாக இறக்குவதற்கு மூன்று விஷயம் வேண்டும் என்றார். செய்வதில் அர்த்தம் தெரிய வேண்டும், அதைச் செய்யும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும், உள்ளதைச் சொன்னால் தனக்குக் கெடுதல் வராது என்ற நம்பிக்கை வேண்டும். மூன்றாவதைக் கவனியுங்கள். எங்கள் வகுப்பின் மூன்று செமினாரிலும் காணாமல் போனது அதுதான்.

நான் சொல்ல வருவது இவ்வளவே. ஈடுபாடு தலைவரின் குணத்திலிருந்து வழிந்து வருவதில்லை. வேலை செய்கிறவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, அதை அவர் பயன்படுத்தினால் அடுத்த நிமிஷம் என்ன நடக்கிறது, இந்த இரண்டையும் பொறுத்துத்தான் அது வரும் அல்லது வராது. தலைவரின் வேலை அந்த அதிகாரத்தைக் கொடுப்பது. கொடுத்த பிறகு, தனக்குப் பணம் நஷ்டமாகும்போதும் பிடுங்காமல் இருப்பது. இதற்கு நான் கூப்பிடும் சாட்சி ஒரு கார் தொழிற்சாலை.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் 1963-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 1982-இல் மூடியது. மூடும்போது அது நாட்டிலேயே மோசமான தொழிலாளர்கள் இருக்கும் ஆலை என்று பெயர் வாங்கியிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் லீவு போடுகிறவர்கள் சுமார் 20 சதவீதம். திங்கட்கிழமை லைனை ஓட்ட ஆள் போதாமல் எதிரில் இருந்த மதுக்கடையில் போய்ப் பிடித்து வருவார்களாம். குடித்துவிட்டு வருவது, வேலை நேரத்தில் சூதாடுவது, காரின் கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடி வாங்குகிறவன் தலையில் 'கடகட' சத்தத்தைக் கட்டிவிடுவது எல்லாம் நடந்தது. நான் சேர்த்துச் சொல்லவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களே பிற்பாடு வானொலி நிகழ்ச்சிகளில் சொன்ன கதைகள். தீர்க்கப்படாமல் கிடந்த தொழிலாளர் புகார்கள் மட்டும் ஆயிரக்கணக்கில்.

அந்த ஆலைக்கு ஒரே ஒரு வேதவாக்கு இருந்தது. லைன் நிற்கக் கூடாது. ஒரு போல்ட் இறங்கவில்லையா, போகட்டும். சீட்டு மாறிவிட்டதா, போகட்டும். தப்பான கார் கடைசிவரை போய், வெளியே மைதானத்தில் நிற்கும், அங்கே வேறு ஆட்கள் பிரித்து மாட்டுவார்கள். பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்கு அது தப்பு என்று கண்ணெதிரே தெரியும். தெரிந்து என்ன செய்ய? இப்படி ஒரு நாளைக்கு நூறு முறை 'உனக்குத் தெரிந்தது எங்களுக்கு வேண்டாம்' என்று ஒருவரிடம் சொன்னால், நூற்றோராவது முறை அவர் பாட்டிலைக் கதவுக்குள் போடுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

1983-இல் ஜி.எம். நிறுவனமும் டொயோட்டாவும் சேர்ந்து அதே ஆலையைத் திறக்க ஒப்பந்தம் போட்டன. பெயர் நம்மி. ('கம்மி' மாதிரி இருக்கிறது என்று சிரிக்காதீர்கள். நீளமான ஒரு ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்.) ஆலையை நடத்துவது டொயோட்டா. முதல் தலைவர் தட்சுரோ டொயோடா. பழைய சங்கத் தொழிலாளர்களையே எடுக்க வேண்டும் என்று ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான புரூஸ் லீ (சண்டைப்பட ஆள் இல்லை, இவர் வேறு) வாதாடினார். ஜி.எம். அதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. டொயோட்டா சரி என்றது. 1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. முதலில் எடுத்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் சுமார் 85 சதவீதம் பழைய ஃப்ரீமாண்ட் ஆட்கள். அதே ஆட்கள், அதே கட்டடம், அதே சங்கம்.

வராமல் இருப்பவர்கள் 20-லிருந்து மூன்று நான்கு சதவீதமாக இறங்கினார்கள். எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கார் ஆலை ஆய்வு இந்த ஒப்பீட்டைச் செய்தது. ஜி.எம்.மின் ஃப்ரேமிங்காம் ஆலையில் ஒரு காரைப் பூட்ட 31 மணி நேரம், நம்மியில் 19, ஜப்பானில் டொயோட்டாவின் தகாவோகா ஆலையில் 16. நூறு கார்களுக்குக் குறைகள் ஃப்ரேமிங்காமில் சுமார் 130, நம்மியில் 45, தகாவோகாவிலும் 45. கதவுக்குள் பாட்டில் போட்ட அதே கைகள்!

என்ன நடந்தது? தட்சுரோ டொயோடா மேடையேறிப் பேசி எல்லோரையும் கண்ணீர் விட வைத்தாரா? தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு பேச்சு கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு கயிறு.

லைன் ஓரமாக, கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு கயிறு. ஏதாவது சரியில்லை என்றால் இழுக்கலாம். இழுத்தால் ஒரு இசை ஒலிக்கும், மேலே பலகையில் எந்த இடம் என்று விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடி வருவார். அந்தக் கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்துவிட்டால் மறுபடி இழுத்துவிடுவார், லைன் ஓடிக்கொண்டே இருக்கும். முடியவில்லை என்றால் லைன் நிற்கும். ஆம், மொத்த லைனும். நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் பணம். அதை நிறுத்தும் உரிமை மேனேஜரிடம் இல்லை, கையில் ஸ்பேனர் வைத்திருப்பவரிடம் இருந்தது.

இந்த விளக்கு ஏற்பாட்டுக்கு ஜப்பானிய மொழியில் காகித விளக்கைக் குறிக்கும் ஒரு சொல். நம்மூர் ஆலைகளில் அதை உச்சரிப்பது 'ஆண்டான்' என்று. ஆண்டான் அடிமை என்று ஒன்றாகவே சொல்லிப் பழகிய மொழியில், அடிமட்டத் தொழிலாளி இழுக்கும் கயிற்றுக்கு இந்தப் பெயர் வந்து உட்கார்ந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

கயிறு மட்டும் போதுமா? போதாது. இழுத்தால் திட்டு விழும் என்றால் யார் இழுப்பார்கள்? இங்கேதான் தலைமை வருகிறது. வேலை தொடங்கும் முன் குழுத்தலைவர்களை நூற்றுக்கணக்கில் ஜப்பானுக்கு, தகாவோகாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒருவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் வந்து 'உதவி வேண்டுமா' என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக வேலையிடத்தில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதாகப் பிற்பாடும் அந்த அமெரிக்கர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயிற்சிகளில் பங்கெடுத்த ஜான் ஷூக் 2010-இல் ஒரு கட்டுரை எழுதினார். முதலில் மனதை மாற்றிவிட்டு அப்புறம் நடத்தையை மாற்றலாம் என்று கிளம்பாதீர்கள், செய்யும் முறையை மாற்றுங்கள், மனம் பின்னால் வரும் என்பது அதன் சாரம். மலை உச்சி ஸ்லைடுக்கு நேர் எதிர்.

இன்னும் சில இருந்தன. அதிகாரிகளுக்குத் தனி கேன்டீன் கிடையாது, தனி பார்க்கிங் கிடையாது. இதைப் பெரிதாகப் பேச மாட்டேன், ஒரே வரிசையில் தட்டு ஏந்தி நிற்பது போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். உண்மையான சமாசாரம் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பிரிவு. நிறுவனத்தின் இருப்புக்கே ஆபத்து வந்தாலொழிய ஆட்குறைப்பு கிடையாது. அப்படியே வந்தாலும் முதலில் நிர்வாகிகளின் சம்பளம் குறையும், வெளியே கொடுத்த வேலை உள்ளே வரும், அதற்கு அப்புறம்தான் தொழிலாளி. எழுதுவது சுலபம். 1988 வாக்கில் காருக்குக் கிராக்கி குறைந்து, ஆலை தன் திறனில் 60 சதவீதம்கூட ஓடாத நிலை வந்தது. ஒருவரைக்கூட வெளியே அனுப்பவில்லை. வேலை இல்லாதவர்களைப் பயிற்சியிலும், வேலையிடத்தைச் சீர்செய்யும் திட்டங்களிலும் உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். ஆலோசனை சொல்லும் திட்டத்தில் 1986-இல் கலந்துகொண்டவர்கள் 26 சதவீதம். 1991-இல் 92 சதவீதம். அந்த வருஷம் பத்தாயிரத்துக்கு மேல் ஆலோசனைகள், அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் நடைமுறைக்கு வந்தன. இடையில் நடந்தது அந்த 1988 என்பதை மறக்காதீர்கள்.

போன விடுமுறையில் நான் பயிற்சிக்குப் போன ஒரு சின்னத் தொழிற்சாலையிலும் ஆலோசனைப் பெட்டி இருந்தது. பூட்டி இருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டேன். ஓய்வு பெற்றுப் போன பெர்சனல் ஆபீசரிடம் என்றார்கள்! அங்கே ஒரு மெஷின் ஆபரேட்டர் அண்ணன், முடித்த பீஸை வைக்கும் தட்டு முதுகுக்குப் பின்னால் இருந்ததால், ஒவ்வொரு பீஸுக்கும் முழுசாகத் திரும்பி வைத்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாக. "சொல்லலாமே அண்ணே" என்றேன். "வந்த புதுசுலயே சொன்னேன் தம்பி. வேலையப் பாருன்னுட்டாங்க. பாத்துட்டிருக்கேன்" என்றார். அந்த மாதக் கடைசியில் அவர் கையிலும் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'என் கருத்துக்கு இங்கே மதிப்பு இருக்கிறது', ஐந்துக்கு எத்தனை? அண்ணன் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த ஆலையின் ஈடுபாடு அந்த வருஷம் அமோகமாக இருந்திருக்கும்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் வகுப்பில் வாய்ச்சண்டை போட்டபோது நண்பர்கள் இரண்டு குண்டு வீசினார்கள். இரண்டுமே வெயிட்டான குண்டுகள்.

முதலாவது: இரண்டு வருஷம் வேலை இல்லாமல் கிடந்தவர்கள், பயத்தில் உழைத்தார்கள், இதில் கயிறு எங்கே வந்தது? பயம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பயம் ஆளை வேலைக்கு வர வைக்கும், பத்தாயிரம் யோசனை சொல்ல வைக்குமா? பயம்தான் காரணம் என்றால் அதே கலிபோர்னியாவில் வான் நைஸ் ஆலையும் திருந்தியிருக்க வேண்டும். மூடப்போகிறோம் என்ற மிரட்டல் அங்கேயும் தலைக்கு மேல் தொங்கியது. ஜி.எம். நம்மியைப் பார்த்து அங்கேயும் குழு முறையைக் கொண்டுபோனது. ஆனால் எத்தனை கார் வெளியே போகிறது என்பதை வைத்தே மேனேஜர்களை எடை போடும் வழக்கம் மாறவில்லை. அப்புறம் லைனை நிறுத்த எந்த மேனேஜர் விடுவார்? 1992-இல் வான் நைஸ் மூடப்பட்டது.

இரண்டாவது குண்டு இன்னும் கனமானது. இது நைச்சியமாகப் பிழிவதுதானே? மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் என்ற இருவர் 1988-இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு 'அழுத்தத்தால் நடத்தும் நிர்வாகம்' என்றே பெயர் வைத்தார்கள். நியாயம் இருக்கிறது. பழைய ஆலையில் 60 வினாடியில் சுமார் 45 வினாடி கை வேலையில் இருந்தது, நம்மியில் 57. மூன்று வினாடிதான் மூச்சு விட. 1993 மாடலைக் கொண்டுவந்தபோது தொழிலாளர்களின் உடல்வலி, காயங்களைக் கவனிக்கவில்லை என்று அரசின் பணியிடப் பாதுகாப்புத் துறையே குற்றம் சாட்டியது. ஆக நம்மி சொர்க்கம் என்று நான் சொல்லவே இல்லை. அங்கே சங்கம் இருந்தது, வலிக்கிறது என்று சொல்ல ஒரு வழி இருந்தது. அதுவும் ஒரு கயிறுதான் என்கிறேன்.

அந்த இரண்டாவது கயிறு இல்லாமல் முதல் கயிறு எவ்வளவு தாங்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. பெங்களூருவை அடுத்த பிடதியில் இருப்பதும் அதே டொயோட்டா, அதே உற்பத்தி முறை. 2020 நவம்பரில் ஒரு தொழிலாளியின் இடைநீக்கத்தில் தொடங்கிய தகராறு கதவடைப்பில் போய் நின்று, அடுத்த வருஷத்துக்கும் நீண்டது. வேலைப்பளு தாங்கவில்லை என்றார்கள் தொழிலாளர்கள், ஒழுங்கீனம் என்றது நிர்வாகம். நமக்கு இன்னும் அருகில், ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி, வேலை நேரம் எல்லாம் இருந்தாலும் முதல் கோரிக்கை, எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பதுதான். அந்த ஆயிரத்துச் சொச்சம் பேரையும் ஈடுபாடு இல்லாதவர்கள் என்று எந்தக் கணக்கெடுப்பு சொல்லும்? ஒரு மாதச் சம்பளத்தை இழந்து பந்தலில் உட்காருவதைவிட வேலையைப் பற்றிய அக்கறைக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

நம்மியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதிக் கதையைச் சொன்ன பாவம் சேரும். 2009 ஜூனில் ஜி.எம். திவாலானது, கூட்டிலிருந்து விலகியது. தனியாக நடத்த டொயோட்டா விரும்பவில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று மூடினார்கள். சுமார் 4,700 பேர் வெளியே வந்தார்கள். கட்டடம் டெஸ்லாவிடம் போய், அங்கே இன்று மின்சாரக் கார்கள் தயாராகின்றன. கால் நூற்றாண்டு காலம் லைனை நிறுத்த உரிமை பெற்றிருந்தவர்களுக்கு மூடும் முடிவில் ஒரு ஓட்டுகூட இல்லை. ஈடுபாட்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் இந்தப் பக்கத்துக்கு வந்ததும் ஸ்லைடை வேகமாகத் தள்ளிவிடுகிறார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். வகுப்பில் பாதிப் பேர் இன்னும் சில மாதத்தில் ஏதோ ஒரு ஆலையில் டிரெய்னியாகப் போய் நிற்கப்போகிறோம். நாலைந்து வருஷத்தில் நமக்குக் கீழே இருபது பேர் இருப்பார்கள். தயவுசெய்து அவர்களுக்கு முன்னால் போய் உத்வேகம் ஊட்டாதீர்கள். யாருடைய தட்டு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று பாருங்கள், அதை நகர்த்த அவருக்கே அனுமதி வாங்கிக் கொடுங்கள், அதனால் அன்றைய கணக்கில் பத்து பீஸ் குறைந்தால் மேலே போய்த் திட்டு வாங்குவது நீங்களாக இருங்கள். இவ்வளவுக்கு ஒரு பைசா பட்ஜெட் வேண்டாம்.

போன வாரம் ஒரு கம்பெனியிலிருந்து கேம்பஸ் தேர்வுக்கு முன்னால் பேச வந்திருந்தார்கள். மலை உச்சி, அம்புக்குறி எல்லாம் முடிந்ததும் கேள்வி நேரம். கையைத் தூக்கினேன். "சார், உங்கள் ஆலையில் கடைசியாக ஒரு ஆபரேட்டர் லைனை நிறுத்தியது எப்போது? நிறுத்தியதும் என்ன நடந்தது?" வந்தவர் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. முகமெல்லாம் பெருமை. "எங்க லைன் நின்னதே கிடையாது தம்பி" என்றார். வகுப்பு கை தட்டியது.